ரோமில் படிப்பவர்களுக்கு ஓர்வியெத்தோ: ஒரு நாள் பயணம்

ரோமின் முக்கிய ரயில் நிலையமான ரோமா தெர்மினியிலிருந்து ரெஜியோனாலே (பிராந்திய) ரயிலில் ஏறினால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் ஓர்வியெத்தோ. அறிவிப்புப் பலகையில் ஊர்ப்பெயரைத் தேடாதீர்கள். ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான், பெரும்பாலும் ஃபிரென்ஸே (ஃபிளாரன்ஸ்), அங்கே இருக்கும். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான்.

ஊர் எரிமலைப் பாறை மேல் இருக்கிறது. ரயில் நிலையத்தின் எதிரிலேயே மலையேறும் கேபிள் ரயில். மேலே இறங்கியதும் கூட்டத்தோடு பேருந்துக்கு ஓடாமல், பக்கத்திலேயே உள்ள சான் பத்ரிஸியோ கிணற்றை முதலில் பாருங்கள். 1527-இல் தொடங்கி 1537-இல் முடித்தது, 50 மீட்டருக்கும் மேல் ஆழம். இறங்க ஒன்று, ஏற ஒன்று என இரண்டு சுருள் படிவழிகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் சுமந்த கழுதைகள் எதிரெதிரே முட்டாமலிருக்கச் செய்த ஏற்பாடு! கழுதைக் குளம்புக்காக அமைத்த படிகள் அகலமாக, சரிவாக இருக்கும். அடியில் ஈரம், வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ அவசியம். மேலேறும்போது வியர்க்கும், அடியில் குளிரும். மெல்லிய மேலாடை ஒன்று போதும்.

1290-இல் தொடங்கிய பேராலயத்தைப் பிற்பகலுக்கு வையுங்கள். முகப்பு மேற்கு நோக்கியது. சாயும் வெயிலில்தான் பொன் மொசைக் மின்னும். உள்ளே ஓவியர் சிஞொரெல்லியின் சுவரோவியங்களுக்கு அரை மணியாவது ஒதுக்குங்கள். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், பிறகு பல உணவகங்கள் இரவுவரை மூடிவிடும்.