குழந்தை மரபணு மருத்துவராக விரும்பும் தம்பி தங்கைகளுக்கு

முதலில் மருத்துவப் பட்டம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலோ (என்யுஎஸ்) நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ (என்டியு) 5 ஆண்டுகள். வேறு பட்டம் முடித்தவர்களுக்கு டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் 4 ஆண்டுகள். அப்புறம் குழந்தை மருத்துவப் பயிற்சி, அதற்கு மேல்தான் மரபணுவியல். முப்பது வயதிலும் படித்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.

குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று காட்டும் குடும்ப வரைபடம் போடுவதை இன்றே பழகலாம். உங்கள் குடும்பத்தையே மூன்று தலைமுறைக்கு வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்கு உள்ளே கறுப்பு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு.

"சொந்தத்தில் கட்டினீர்களா?" என்று பட்டென்று கேட்டால் நம் ஆட்கள் பலர் "இல்லை" என்றுவிடுவார்கள். நான் வேறு மாதிரி கேட்பேன்: "கல்யாணத்துக்கு முன்னால் மாமியாரை எப்படிக் கூப்பிடுவீங்க?" "அத்தைதான் டாக்டர், அப்பாவோட கூடப்பிறந்தவங்க." சரி, இரண்டாவது கோட்டைப் போட்டுவிடலாம்.

தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் போன்றவற்றில் பெற்றோர் இருவரும் கடத்திகளாக (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. "ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும்" என்று நினைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் அதே 25தான் என்பதைத் தாளில் வரைந்து காட்டுங்கள். மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்தது என்பதை மாமியார் இருக்கும்போதே, தமிழிலேயே சொல்லுங்கள். பழி முழுவதும் மருமகள் தலையில் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தடுப்பதும் நம் வேலைதான்.

கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இதற்கெனப் பிரிவுகள் உள்ளன. மருத்துவ மாணவராக இருக்கும்போதே கூட இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.