விண்கல சிஸ்டம்ஸ் இன்ஜினியர் ஆக ஆசையா? அலகை எழுதிப் பழகுங்கள்

நாசாவின் ஜேபிஎல் (ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி) போன்ற ஆய்வகத்தில் விண்கல சிஸ்டம்ஸ் இன்ஜினியராக வேண்டும் என்ற ஆசை இருந்தால், கல்லூரி புராஜெக்டிலேயே தொடங்கிவிடலாம். சின்ன ரோபோவாக இருந்தாலும் சரி, எடைக்கும் மின்சாரத்துக்கும் ஒரு கணக்குத் தாள் வையுங்கள். ஒவ்வொரு பாகமும் இப்போது எவ்வளவு எடுக்கிறது, கையிருப்பு எவ்வளவு என்று வாரம் ஒருமுறை திருத்துங்கள்.

அப்புறம், இதை மட்டும் விடவே கூடாது: இன்னொருவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதுங்கள். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாயை நெருங்கிய நேரத்தில் தொலைந்துபோனது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு-விசை வினாடியில் கொடுத்தது; வாங்கிய பக்கம் அதை நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. எவ்வளவு பேருடைய உழைப்பு! கோளாறு இரண்டு குழுக்களுக்கும் நடுவில்தான் ஒளிந்திருந்தது. அந்த நடு இடத்தைப் பார்த்துக்கொள்வதுதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரின் வேலை.

நாசாவின் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தடிமனான புத்தகம், முதலில் இன்டர்ஃபேஸ் மேலாண்மை (பாகங்களும் குழுக்களும் ஒன்றோடொன்று சேரும் இடங்களைக் கவனிப்பது) பகுதியை மட்டும் படியுங்கள்.