பாதி மூடிய வால்வு அழுத்தத்தைக் குறைக்காது

பத்து மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். பலர் உடனே கேட் வால்வை (உள்ளே ஒரு தட்டு மேலும் கீழும் நகர்ந்து வழியைத் திறந்து மூடும் வகை) பாதி மூடிவிட்டு, அழுத்தம் குறைந்துவிட்டது என்று நிம்மதி அடைகிறார்கள். குறைந்தது ஓட்டம் மட்டும்தான். மொட்டைமாடித் தொட்டி 30 மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ அழுத்தம் இருக்கும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடியதும், பாதி மூடிய வால்வுக்கு அப்பாலும் அதே 3 கிலோ வந்து நின்றுவிடும். இணைப்புக் குழாய்கள் ஆள் இல்லாத நேரத்தில் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட் வால்வு முழுதாகத் திறக்கவோ மூடவோ செய்யப்பட்டது. பாதியில் நிறுத்தினால் அதன் தட்டு அதிர்ந்து அதிர்ந்து விளிம்பு தேய்ந்துபோகும். பிறகு முழுதாக மூடினாலும் கசியும். ஓட்டத்தை அளவாக வைக்க குளோப் வால்வே சரி.

அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அழுத்தக் குறைப்பு வால்வு வேண்டும். அது வெளியேறும் பக்கத்து அழுத்தத்தை உணர்ந்து, அளவை எட்டியதும் தானே மூடிக்கொள்ளும். அழுத்த விடுவிப்பு வால்வோ இதற்கு நேர்மாறு: எப்போதும் மூடியே இருந்து, நுழையும் பக்கத்தில் அழுத்தம் எல்லை மீறினால் மட்டும் திறந்து தண்ணீரை வெளியே விடும். கடையில் இரண்டையும் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

பால் வால்வை (உள்ளே துளையிட்ட உருண்டை இருக்கும், கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே மூடிவிடும் வகை) சட்டென்று மூடுவதும் தவறு. வேகமாக வரும் நீர் திடீரென நிற்கும்போது 'டம்' என்று குழாயே அதிரும். மெதுவாகத் திருப்புங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது கீசர்தான். அதன் அடியில் உள்ள பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று சிலர் அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால் அது கால் லிட்டர் அளவு விரியும். வால்வுக்குள் உள்ள ஒருவழி அமைப்பு அதைத் திரும்பிப் போகவிடாது, அதனால்தான் சொட்டுகிறது. அந்த வழியையும் அடைத்து, சூடு அளவை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதானால், தொட்டியே வெடிக்கும்.

கீசர் அணைந்திருக்கும்போதும் விடாமல் சொட்டினால், வால்வில் தூசி சிக்கியிருக்கலாம் அல்லது வரும் அழுத்தமே அதிகமாக இருக்கலாம். வால்வில் நெம்புகோல் இருந்தால், கீசர் அணைந்து ஆறிய பிறகு லேசாகத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் வரவில்லையென்றால், வால்வை மாற்றும்வரை கீசரைப் போடாதீர்கள்.