5600ஜி-யோடு 6500 எக்ஸ்டி: திக்கல் தீர்ந்த விதம்

என் கணினியில் ரைசன் 5 5600ஜி பிராசஸர், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்டு; கேம் ஆடினால் திக்கல். செங்கோட்டையில் சாரல் நேரம் வோல்டேஜ் ஆடும். அதனால் முதலில் யுபிஎஸ் மேல்தான் சந்தேகம். மாற்றிப் பார்த்தும் கேமில் ஒவ்வொரு திருப்பத்திலும் படம் நின்று நின்று வந்தது. டிரைவரைத் துடைத்துப் போட்டேன், ரேமை இடம் மாற்றினேன். நான்கு நாள் வீண்.

விஷயம் ஜிபியு-இசட்டில் (கிராஃபிக்ஸ் கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) இருந்தது. கார்டு பிராசஸரோடு பேசும் பிசிஐஇ வழியைச் சொல்லும் 'பஸ் இன்டர்ஃபேஸ்' வரி, கார்டு சும்மா இருக்கும்போது 1.1 என்றே காட்டும், அதை நம்பக்கூடாது. பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி, கார்டுக்கு வேலை கொடுக்கும் ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டுப் பார்க்கணும். எனக்கு வந்தது எக்ஸ்4 3.0, அதாவது 4 லேன் (தரவு போகும் தடம்), பிசிஐஇ 3.0 வேகம்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு 4 லேன்தான். என் பி550 மதர்போர்டில் பிசிஐஇ 4.0 இருந்தாலும் ரைசன் 5 5600ஜி 3.0 மட்டுமே தரும். நொடிக்குச் சுமார் 8 ஜிபி போக வேண்டிய வழி 4 ஜிபி ஆகிறது. கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் மிச்சம் இந்தக் குறுகிய வழியில் ரேமிலிருந்து வரணும், அதனால்தான் திக்கல்.

கேம் செட்டிங்கில் டெக்ஸ்சரை (மெமரியை நிரப்பும் பரப்புப் படங்களின் தரம்) 'மீடியம்' ஆக்கியதும் பாதி சரியானது. பிறகு 8 லேன், 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 மாட்டினேன், முழுக்கச் சரி. அதற்கு ஒரு 8 பின் பவர் கேபிள் வேண்டும், எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினியின் பவர் சப்ளை) இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.