விஏ ரேட்டிங்: 90-க்கும் 100-க்கும் நடுவே இருப்பது 10 அல்ல

போன மாதம் மட்டும் மூன்று தம்பிகள் போன் செய்தார்கள். மூவரும் என்னைப் போலவே மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்துக்குப் போனவர்கள். ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ள 2009-இல் தொடங்கி 2016-இல் ஆள் எடுப்பதை நிறுத்திய திட்டம் அது. ராணுவம் தேடிய மொழிகளில் தமிழும் இருந்ததால் எங்களில் சிலருக்கு வழி கிடைத்தது. இப்போது மூவரும் வெளியே வந்துவிட்டார்கள். பணியால் வந்த ஒவ்வொரு உடல், மனப் பாதிப்புக்கும் விஏ, அதாவது அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை, ஒரு சதவீதம் தரும். அதுதான் ரேட்டிங். எல்லாம் சேர்ந்த மொத்தத்தைப் பொறுத்து மாதாமாதம் பணம் வரும். மூவர் கையிலும் ரேட்டிங்குகளைக் கூட்டிப் போட்ட ஒரு எக்செல் தாள், அதில் நான் அன்று செய்த அதே தப்பு.

70-உம் 30-உம் சேர்ந்தால் 100 ஆகாது என்பதை விளக்கி நேரத்தைக் கடத்தப் போவதில்லை. ஆடித் தள்ளுபடியில் ‘50% + 20%’ பலகையைப் பார்த்து 70 என்று நம்பி பில் போட்டவர்களுக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். விஏ 100-இலிருந்து பெரிய ரேட்டிங்கை முதலில் கழிக்கும். அடுத்ததை மிச்சம் இருப்பதில்தான் கழிக்கும். 70 போனால் மிச்சம் 30, அதில் 30 சதவீதம் 9. கழித்தவை 70-உம் 9-உம், ஆக மொத்த ரேட்டிங் 79. ஒவ்வொரு படியிலும் பின்னம் வந்தால் முழு எண்ணாக்குவார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு தடவை, பக்கத்தில் உள்ள பத்துக்கு மாற்றுவார்கள். 5-இல் முடிந்தால் மேலே ஏறும். இது தெரிந்த பிறகும் நாம் செய்யும் தப்புகள் இவை.

கடிதத்தில் இருக்கும் 90-ஐ நம்புவது

என்னால் இன்னும் மன்னிக்க முடியாத தப்பு இது.

எனக்கு மனநலத்துக்கு 70, ஒற்றைத் தலைவலிக்கு 30, முதுகுக்கு 20, தோளுக்கு 20. கடிதத்தில் கொட்டை எழுத்தில் 90 என்று வந்தது. ‘இன்னும் ஒரு 10, அவ்வளவுதானே’ என்று தோன்றியது. தோன்றாமல் இருக்குமா? 2024 விகிதப்படி, குடும்பம் இல்லாத தனி ஆளுக்கு 90-க்கு மாதம் 2,241 டாலர், 100-க்கு 3,737 டாலர். அந்தக் கடைசிப் படியில் ஏறினால் கிட்டத்தட்ட 1,500 டாலர் கூடுகிறது. வேறு எந்தப் படியிலும் இந்தப் பாய்ச்சல் கிடையாது. அதனால்தான் அந்தப் படியில் நிற்பவனைச் சுற்றி ஈ மொய்க்கிறது.

என்னை மொய்த்தது ஒரு ‘ஆலோசனை’ நிறுவனம். காதில் இரைச்சலுக்கு 10 வாங்கித் தருகிறோம், 100 ஆகிவிடும் என்றார்கள். பணம் கட்டினேன். எட்டு மாதம் காத்திருந்தேன். சொன்ன மாதிரியே அந்த 10 கிடைத்தது. கடிதத்தைப் பிரித்தால் மொத்தம்: 90.

அன்று இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து முதல் தடவையாக நானே போட்டுப் பார்த்தேன். 70, 30: 79. அதன் மேல் 20: 83.2, ஆக 83. இன்னொரு 20: 86.4, ஆக 86. நான் நின்றது 90-இல் அல்ல, 86-இல். காதுக்கு வந்த 10, மிச்சமிருந்த 14-இல் 1.4-ஐத்தான் கழித்தது. 87. பத்துக்கு மாற்றினால் பழைய 90-தான்.

அதே ஆண்டு என் யூனிட்டில் இருந்த இன்னொருவனுக்கும் கடிதத்தில் 90. அவனுடைய ரேட்டிங்குகள் 70, 50, 50, 20. போட்டுப் பாருங்கள்: 85, பிறகு 92.5 அதாவது 93, பிறகு 94.4 அதாவது 94. அவனுக்கும் காதில் இரைச்சலுக்கு அதே 10 கிடைத்தது. 94.6, அது 95, அது 100. இரண்டு பேர், ஒரே 90, ஒரே 10. அவனுக்கு மாதம் 1,500 டாலர் கூடியது, எனக்குத் தபால் உறைதான் மிச்சம்.

ஆகவே தம்பிகளே, அடுத்த விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் தனித்தனி ரேட்டிங்குகளை எடுத்து வைத்து, பத்துக்கு மாற்றாத அந்த உள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். 85-உம் 94-உம் கடிதத்தில் ஒரே முகத்தோடுதான் வரும். ஒரு பாதிப்புக்கான முதல் விண்ணப்பத்தைத் தயார்செய்து தர யாரும் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம். டிஏவி, அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் விஏ அங்கீகாரம் பெற்றவர்கள் இதை இலவசமாகவே செய்து தருகிறார்கள். இது தெரியாமல்தான் நான் காசைக் கொட்டினேன். தெரிந்த பிறகும் கொட்டும் ஆட்களைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

புதியதைக் கடைசியில் ஒட்டுவது

என் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். காதுக்கு வந்த 10-க்குப் பதில் எனக்குப் புதிதாக 60 கிடைத்திருந்தால்? 86-இன் மேல் ஒட்டினால் 94.4, ஆக 94, மறுபடி 90. ஆனால் விஏ அப்படி ஒட்டாது. எல்லாவற்றையும் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி முதலிலிருந்து போடும். 70, 60: 88. அதன் மேல் 30: 92. ஒரு 20: 94. இன்னொரு 20: 95. அதாவது 100. இடையில் முழு எண்ணாக்குவதால் வரும் வித்தியாசம் இது.

ஒவ்வொரு படியிலும் பத்துக்கு மாற்றுவது

கூடாது.

இரண்டு முழங்காலையும் தனித்தனியாக எண்ணுவது

இரண்டு கையிலும் பாதிப்பு, அல்லது இரண்டு காலிலும் பாதிப்பு என்றால் அவற்றை முதலில் தங்களுக்குள் சேர்த்து, வந்த எண்ணில் பத்தில் ஒரு பங்கை நேராகக் கூட்டுவார்கள். இங்கே மட்டும் மிச்சக் கணக்கு இல்லை, பள்ளிக்கூடக் கூட்டல்தான். மனநலத்துக்கு 50, வலது முழங்காலுக்கு 20, இடதுக்கு 10 என்று வையுங்கள். சும்மா போட்டால் 64, கடிதத்தில் 60. இரண்டு காலையும் சேர்த்தால் 28, கூட 2.8, ஆக 31. 50-உடன் சேர்ந்து 66, கடிதத்தில் 70. ஒரே மூட்டாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை: வலது தொடையும் இடது பாதமும் ஜோடிதான். வலது கையும் இடது காலும் மட்டும் இருந்தால் ஜோடி இல்லை. இரண்டு காது இருக்கிறதே என்று கேட்ட தம்பிக்கு: காதில் இரைச்சல் ஒன்றில் கேட்டாலும் இரண்டில் கேட்டாலும் ஒரே 10-தான்.

அபூர்வமாக இந்தக் கூட்டலே மொத்தத்தைக் குறைத்துவிடுவதும் உண்டு. 2023-இல் விதியைத் திருத்தி, அப்படிக் குறைத்தால் அதை விட்டுவிடலாம் என்று ஆக்கினார்கள்.

ஒரே அறிகுறிக்கு இரண்டு ரேட்டிங் கேட்பது

பிடிஎஸ்டியும் (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு) மனச்சோர்வும் சேர்ந்து இருந்தாலும் மனநலத்துக்கு ஒரே எண். எக்செல்லில் இரண்டு வரி போடாதீர்கள்.

0 சதவீதத்தைக் குப்பையில் போடுவது

கணக்கில் அது எதையும் கூட்டாது, உண்மை. ஆனால் அந்த நோய் பணியால் வந்தது என்று விஏ ஒப்புக்கொண்ட ரசீது அது. நாளை முற்றினால் ‘பணியால்தான் வந்ததா’ என்ற சண்டையை மறுபடி போட வேண்டாம்.

30 வந்தும் வீட்டாரைச் சேர்க்காமல் இருப்பது

மொத்தம் 30-ஐத் தொட்டால் மனைவி, பிள்ளைகள், உங்கள் சம்பாத்தியத்தை நம்பி வாழும் பெற்றோர் ஆகியோருக்கும் தொகை கூடும். 10, 20-க்குக் கிடையாது. ரேட்டிங் கடிதம் வந்த ஓராண்டுக்குள் விவரம் கொடுத்தால் அந்த ரேட்டிங் தொடங்கிய நாள் வரை பின்னோக்கிக் கிடைக்கும். மூன்று தம்பிகளில் ஒருவனுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம், மொத்த ரேட்டிங் 60. விஏ கணக்கில் அவன் இன்னும் பிரம்மச்சாரி.