டிவி மெதுவாகிவிட்டதா? தனி பிளேயர் வாங்கும் முன்னும் பின்னும்

ஸ்மார்ட் டிவியில் திரைக்கு முன்பே மென்பொருளுக்கு வயதாகிவிடுகிறது. ஆப் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது, அப்டேட் வருவது நின்றுவிட்டது என்றால் டிவியை மாற்றத் தேவையில்லை, டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு ஸ்ட்ரீமிங் பிளேயரை (ஆப்களைத் தானே ஓட்டும் ஸ்டிக் அல்லது சிறு பெட்டி) செருகினால் போதும்.

வாங்கும் முன் டிவியின் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகிப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்தால் அது ஸ்டாண்ட்பைதான், மெமரி காலியாகாது. பயன்படுத்தாத ஆப்களையும் நீக்குங்கள். வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தால், டிவிக்குப் பக்கத்தில் அதே வைஃபையில் போனில் ஓட்டிப் பாருங்கள். போனிலும் சுற்றினால் கோளாறு இணைப்பில்தான், பிளேயர் வாங்கியும் தீராது.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் வேண்டாம். பெட்டியில் 4கே, 8கே என்று போட்டிருந்தாலும் வைட்வைன் எல்1 (வீடியோ நகலெடுப்பைத் தடுக்கும் பாதுகாப்பு) சான்று இல்லையென்றால் நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை 480பி என்ற குறைந்த தெளிவுக்கு மேல் தராது. டிடிஎஸ் என்ற ஒலி வடிவத்தில் சொந்தப் படக் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு, அதை ஆதரிக்கும் தனி பிளேயர் உதவும். சாம்சங் 2018 முதலே டிவிகளில் டிடிஎஸ்ஸைக் கைவிட்டது. அவற்றில் இத்தகைய கோப்புகளின் படம் ஓடும், சத்தம் வராது.

பெரும்பாலான புகார்கள் பிளேயரை மாட்டியபின் வருபவை. ஸ்டிக்குக்கு டிவியின் யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 0.5 ஆம்பியர்தான், அது போதாமல் படத்தின் நடுவே ஸ்டிக் ரீஸ்டார்ட் ஆகலாம். கூட வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

4கே எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் படம்) வரவில்லையா? பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனியாக அதை இயக்க வேண்டும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்று தேடுங்கள். பழைய கேபிள் என்றால் திரை அவ்வப்போது கருத்துப்போகலாம். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 18 ஜிபிபிஎஸ் தாங்கும் கேபிள் வேண்டும்.

அடுத்து பிளேயரில் 'மேட்ச் ஃபிரேம் ரேட்' அமைப்பை இயக்குங்கள், திரையின் வேகம் வீடியோவின் வேகத்துக்கு ஏற்ப மாறும். சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம். வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் அது சமமாகப் பிரியாததால் ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் தோன்றி, கேமரா மெதுவாக நகரும் காட்சிகள் திக்கித் திக்கி நகரும். இயக்கியபின் படம் தொடங்கும்போது திரை ஓரிரு வினாடி கருக்கும், அது கோளாறல்ல. வீடியோ எச்டிஆரா, சாதாரணமா என்று பார்த்து மாற்றும் 'மேட்ச் டைனமிக் ரேஞ்ச்' இருந்தால் அதையும் இயக்குங்கள். எப்போதும் எச்டிஆரிலேயே வைத்தால் சாதாரண வீடியோவின் நிறம் திரிந்துபோகும்.

எல்லாம் சரியானதும், ஆப்கள் இனி பிளேயரிலேயே ஓடுவதால், டிவியின் சொந்த வைஃபையைத் துண்டித்துவிடலாம்.