புதுக் கற்பித்தல் முறை பலன் தருகிறதா? வகுப்பிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

கற்பித்தல் முறைகளை ஆராயும் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரிய தவறு செய்தேன். ஏழாம் வகுப்பு, பின்னங்கள் பாடம். காகிதத்தை மடித்து, வெட்டி, பிள்ளைகளே கூட்டிப் பார்க்கும்படி ஒரு முறை. வகுப்பு கலகலவென்று இருந்தது. பாடம் முடிந்த கையோடு பத்துக் கேள்விகள் கொடுத்தேன், மதிப்பெண்கள் குவிந்தன. முறை வெற்றி என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அதே வகுப்புக்குப் போனபோது பலகையில் 1/2 + 1/3 என்று எழுதினேன். பாதிப் பேரின் விடை 2/5. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருந்தார்கள். அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாமலிருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். 'செயல்வழிக் கற்றல் நல்லதா?' என்பதை யாராலும் சோதிக்க முடியாது. 'பாடத்தின் கடைசி ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதச் சொன்னால், மூன்று வாரம் கழித்துக் கூடுதலாக நினைவிருக்குமா?' என்பதைச் சோதிக்கலாம். எந்த முடிவு வந்தால் முறை பலிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். பிறகு மனசு சாக்குத் தேடும்.

அடுத்தது ஒப்பீடு. இரண்டு பிரிவுகள் இருந்தால், எதற்குப் புது முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே ஆசிரியர், ஒரே அளவு நேரம். ஒரே பிரிவுதான் இருக்கிறதா? பாடத் தலைப்புகளைப் பிரியுங்கள்: பாதித் தலைப்புகள் புது முறையில், பாதி பழைய முறையில். இதையும் நாணயம் சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சுலபமான தலைப்புகள் தாமாகவே புது முறைப் பக்கம் போய்விடும். மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து அவர்களிடம் சோதிக்காதீர்கள். அன்று காய்ச்சலாலோ கவனக்குறைவாலோ சறுக்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்கள் கொஞ்சம் ஏறுவார்கள், அந்தப் பெருமை உங்கள் முறைக்குப் போய்விடும்.

பாடத்துக்கு முன் ஒரு சிறு தேர்வு வையுங்கள், யாருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பது தெரிய வேண்டும். பாடம் நடத்தும்போது பின் வரிசையில் ஒருவரை உட்காரச் சொல்லி, சொன்னது சொன்னபடி நடந்ததா என்று குறிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் என்று முடிவு செய்தது ஒரு நிமிடமாகச் சுருங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி, நான் சறுக்கிய இடம். அன்றைக்கே வைக்கும் தேர்வு ஏமாற்றும். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குப் படிக்க உரைப்பகுதிகள் கொடுத்தார்கள். அதன் பிறகு சிலர் மறுபடி படித்தார்கள், சிலர் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. முதல் தேர்வோடு நிறுத்தியிருந்தால் தப்பான முறையைத்தான் கையில் எடுத்திருப்போம். அதனால் மூன்று, நான்கு வாரம் கழித்து ஒரு தேர்வு கட்டாயம் வேண்டும். கேள்விகள் புதிதாக இருக்கட்டும். மனப்பாடத்தால் தாண்டிவிட முடியாதபடி ஒன்றிரண்டு கேள்விகளாவது சேருங்கள்.

மாணவர்களிடம் 'புரிந்ததா?' என்று கேட்டு முடிவு செய்யவும் முடியாது. ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே முயன்று கணக்குப் போட்டவர்கள் விரிவுரை கேட்டவர்களைவிட அதிகம் கற்றிருந்தார்கள். ஆனாலும் குறைவாகக் கற்றதாகத்தான் உணர்ந்தார்கள். கஷ்டப்பட்டுக் கற்கும்போது கற்காதது போலவே தோன்றும். இதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், பாதியில் மனம் தளர மாட்டார்கள்.

விடைத்தாள் திருத்தும்போது பெயரையும் பிரிவையும் மறைத்து, எல்லாத் தாள்களையும் கலந்துவிடுங்கள். நம் கை நமக்குப் பிடித்த முறைக்கு அரை மதிப்பெண் கூட்டிப் போடும்.

அப்புறம் கணக்கு. புது முறைப் பிரிவின் சராசரி 64, மற்றதற்கு 58, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 15 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6. அதை 15-ஆல் வகுத்தால் 0.4. இதுதான் விளைவு அளவு. ஜான் ஹாட்டி என்ற ஆய்வாளர் 0.40-ஐ ஓர் எல்லைக்கோடாக வைத்ததால், பலர் அதற்குக் கீழே வந்தாலே முறையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாமே தயாரித்த கேள்வித்தாளில் எண் பெரிதாகத்தான் வரும், பொதுவான தேர்வில் சிறுக்கும். ஐந்து நிமிடம் மட்டுமே செலவாகும் ஒரு முறை 0.2 கொடுத்தால் நான் மகிழ்ச்சியோடு வைத்துக்கொள்வேன். ஆசிரியரின் மாலை நேரம் முழுவதையும் தின்றுவிட்டு 0.4 கொடுப்பதை யோசித்துத்தான் எடுப்பேன்.

முப்பது பேர் கொண்ட வகுப்பில் இந்த எண் தற்செயலாகவும் வந்திருக்கலாம். எனவே அடுத்த பாடத்தில் பிரிவுகளை மாற்றுங்கள்: பழைய முறையில் படித்தவர்களுக்கு இப்போது புது முறை. விட்டுப்போனவர்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கும், முதல் முடிவு நிற்கிறதா என்பதும் தெரியும். நான்கு வாரத் தேர்வுக்கான நாளை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பெரும்பாலும் மறந்துபோவது அந்தத் தேர்வுதான்.